மேய்க்கால் புறம்போக்கில் வீட்டுமனைப் பட்டா… கொடுக்கலாமா, கூடாதா?

‘‘எங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு 11 ஏக்கர் இருக்கிறது. சொந்த மனை இல்லாத 46 குடும்பங்களுக்கு அதில் தலா 3 சென்ட் கொடுக்கப் போவதாகவும், அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும் என்றும் பேசிக்கொள்கிறார்கள். ஆடு, மாடு வைத்திருப்பவர்கள் எதிர்க்கிறார்கள். மனை கேட்பவர்களோ, ‘எங்களுக்கு வீடு வரக் கூடாதா?’ என்று கோபப்படுகிறார்கள். ஊர் இரண்டாகக் கிடக்கிறது. சட்டப்படி மேய்க்காலில் பட்டா கொடுக்க முடியுமா?’’

- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

கொடுக்க முடியும். ஆனால், உங்கள் ஊரில் பேசிக்கொள்வதுபோல, கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டு மறுநாளே கயிறு பிடித்து அளந்து கொடுத்துவிட முடியாது. அப்படிக் கொடுக்கப்படும் பட்டா, வாங்கியவரைத்தான் பின்னால் அலைய வைக்கும்.

முதலில் மேய்க்கால் யாருக்குச் சொந்தம் என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 134-ன்படி ரயத்துவாரிப் பகுதிகளில் மேய்ச்சல் தரை, களத்துமேடு, சுடுகாடு, இடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியின் வசம் இருக்கின்றன. வசம் என்றால், விற்கவோ பங்கு போடவோ உரிமை என்று பொருளல்ல. ஊர் மக்கள் அனைவரும் பயன்படுத்தும்படி ஒழுங்குபடுத்தும் பொறுப்பு. அந்த நிலத்தை ஊராட்சியின் வசத்திலிருந்து எடுக்க வேண்டுமானால், ஊராட்சியின் கருத்தைக் கேட்ட பிறகு மாவட்ட ஆட்சியர்தான் அறிவிக்கை வெளியிட முடியும். அதன் பிறகு ‘மேய்க்கால்’ என்ற வகைப்பாடு வருவாய்க் கணக்கில் ‘நத்தம்’ என மாற வேண்டும். மேய்க்காலிலிருந்து எடுக்கப்படும் பரப்புக்கு ஈடாக வேறு நிலத்தை மேய்க்காலாக வகைப்படுத்தித் தர வேண்டும் என்பது வருவாய்த் துறை பின்பற்ற வேண்டிய நடைமுறை. இந்த ‘ஈடு’ விஷயம்தான் பெரும்பாலும் கோப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டு, தரையில் காணாமல் போகிறது. எங்கோ மலையடிவாரத்தில், பாறையும் கரடுமாக உள்ள ஒரு சர்வே எண்ணைக் காட்டி ஈடு கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். அங்கே ஆட்டை ஓட்டிப் போகப் பாதைகூட இருக்காது.

இரண்டாவது, நீதிமன்றம். 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ‘ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு’ வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் குளத்தைச் சிலர் தூர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். மாவட்ட ஆட்சியர், பணம் வாங்கிக்கொண்டு அதை வரன்முறைப்படுத்திவிடலாம் என்றார். நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் அதை ஏற்கவில்லை. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றார்கள். நீண்ட காலம் குடியிருந்தது, நிறைய செலவு செய்து கட்டியது, அரசியல் செல்வாக்கு இவையெல்லாம் காரணமாகாது என்றும் சொன்னார்கள். வட இந்தியாவில் ‘ஷாம்லாத்’, தென்னிந்தியாவில் ‘மந்தைவெளி’, ‘புறம்போக்கு’ என்று பெயர் சொல்லியே அந்தத் தீர்ப்பு பேசுகிறது. அதனால், ‘அது பஞ்சாபுக்கு’ என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால், அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் உண்டு. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கோ, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கோ அரசு அறிவிக்கையின்படி கொடுத்திருந்தால், அல்லது அந்த நிலத்தில் ஏற்கெனவே பள்ளிக்கூடம், மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாடு இருந்தால், விதிவிலக்காக அனுமதிக்கலாம் என்கிறது. உங்கள் ஊரின் 46 குடும்பங்களும் உண்மையிலேயே நிலமற்றவர்களாக இருந்து, முறையான அறிவிக்கையும் வகைப்பாடு மாற்றமும் நடந்தால், சட்டம் குறுக்கே நிற்காது. இதில் ஒன்று குறைந்தாலும், எதிர்ப்பவர்களில் யாராவது ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால் போதும். கூரை போட்ட பிறகு தடையாணை வந்தால், அந்த வீட்டுக்காரரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

மேய்க்காலுக்கு ஏன் வருகிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் ஊரில் உட்கார்ந்து பேச முடியும். வீடு கட்டப் பணம் தரும் திட்டங்கள் நிறைய வந்துவிட்டன. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ல் 300 சதுர அடி பசுமை வீடுகள், 2016-லிருந்து பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டம், 2024-ல் கலைஞரின் கனவு இல்லம். பிரதமர் பெயரிலான திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். இதில் மத்திய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு. கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு தனியாகப் பணம் சேர்க்கிறது. கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளை மாற்றுவது என்று அறிவித்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் தகுதி, சொந்த மனை. மனைப் பட்டா இல்லாதவர் வரிசையிலேயே நிற்க முடியாது. அதாவது, மிகவும் இல்லாதவர்தான் முதலில் கழிக்கப்படுகிறார்.

சரி, மனையை விலைக்கு வாங்கலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊருக்குள் வராமல், சாலையை விட்டுத் தள்ளி, சென்ட் 80,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 சென்ட் 2,40,000 ரூபாய். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு சேர்த்து 21,600 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. அதனால் மனைவி பெயரில் வாங்கினால் 19,200 ரூபாய். ஆக மொத்தம் 2,59,200 ரூபாய். நாள் கூலி 400 ரூபாய் என்றால் 648 நாள் கூலி. ஆண்டுக்கு 180 நாள் வேலை கிடைக்கும் ஒருவர், ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் சேர்த்தால் மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவும் வெறும் மனைக்கு.

முன்பெல்லாம் ஊரில் வேறொரு வழி இருந்தது. நிலம் வைத்திருப்பவர், தன்னிடம் வேலை பார்ப்பவருக்குக் கொல்லையின் ஓரத்தில் 3 சென்ட் கிரயம் செய்து கொடுப்பார். 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த மாதம், அக்டோபர் 20-ல், பதிவுச் சட்டத்தின் பிரிவு 22-அ நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு விளைநிலத்தில் 3 சென்ட்டை மனையாக வெட்டி எழுதினால் சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில்தான் வாங்க வேண்டும். அந்தத் தடை தேவையானதுதான். நெல் விளைந்த பூமியெல்லாம் கல் நட்டு, வாய்க்காலை மூடி, வழியில்லாத மனைகளாக விற்கப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். ஆனால், அங்கீகாரம் என்றால் 23 அடிக்கும் மேலான சாலை, பூங்காவுக்கு இடம், கட்டணங்கள். இவை அத்தனையும் மனை விலையில் ஏறுகின்றன. பெரிய புள்ளிகளைத் தடுக்கப் போட்ட வேலி, 3 சென்ட் வாங்க வந்தவரையும் சேர்த்தே தடுத்துவிட்டது.

வழிகாட்டி மதிப்பும் இப்படித்தான். 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 விழுக்காடாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைத்தார்கள். மதிப்பு ஏறினால், சாலைக்கு நிலம் கொடுக்கும் விவசாயிக்கு இழப்பீடு கூடும். அதே ஊரில் மனை வாங்குபவருக்குச் செலவும் கூடும். நிலம் கொடுப்பவரும் மனை தேடுபவரும் ஒரே தெருவில் இருக்கும்போது, ஒரே அரசாணை ஒருவருக்கு வரவாகவும் இன்னொருவருக்குச் சுமையாகவும் போய்ச் சேருகிறது.

நத்தமும் வளரவில்லை. ஆங்கிலேயர் காலத்து நிலவரித் திட்டத்தில் ஊர் குடியிருப்புக்கென்று நத்தம் ஒதுக்கப்பட்டது. அன்றைக்கு இருந்த தலைக்கட்டுக்கு ஏற்ற அளவு அது. பிறகு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பங்கள் பெருகிவிட்டன. நத்தத்தின் எல்லைக்கல் மட்டும் அங்கேயே நிற்கிறது. ஒரு வீட்டில் மூன்று அடுப்பு எரிகிறது. காலனிப் பகுதிகளில் இந்த நெருக்கடி இன்னும் கடுமை.

இப்படிப் பணம் கொடுக்கும் திட்டம் கையில், இலக்கு மேலிருந்து, மனை மட்டும் இல்லை என்றால், அதிகாரி என்ன செய்வார்? காசு கொடுக்காமல் கிடைக்கும் நிலத்தைத் தேடுவார். பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்ட வழிகாட்டு நெறிமுறையே, நிலமற்ற பயனாளிக்கு அரசு நிலத்திலிருந்தோ, ஊராட்சியின் பொது நிலத்திலிருந்தோ இடம் தருவதை மாநில அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. ஏரியில் கொடுக்க முடியாது, ஓடையில் கொடுக்க முடியாது. மிச்சம் இருப்பது மேய்க்கால். அதில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்று சொல்வதும் சுலபம்.

சும்மா கிடக்கிற இடமா?

ஊர் இரண்டாகக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு காரியம் செய்யுங்கள். மனை கேட்டு மனு கொடுத்த 46 குடும்பங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை பேர் வீட்டில் ஆடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் நிலமில்லாத வீட்டுப் பெண்கள்தான் நாலைந்து வெள்ளாடு வைத்திருக்கிறார்கள். நிலம் உள்ளவருக்கு வரப்பில் புல் உண்டு, வைக்கோல்போர் உண்டு, கோ-4, சூப்பர் நேப்பியர் என்று தீவனப்புல் போடத் தண்ணீரும் உண்டு. நிலமில்லாதவருக்கு மேய்க்கால்தான் கொல்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு விற்கும் கிடா அங்கேதான் வளர்கிறது. வீடும் மேய்ச்சலும் இரண்டு கட்சிகளின் தேவை போலத் தெரிகிறது. எண்ணிப் பார்த்தால் பல நேரம் ஒரே வீட்டின் தேவையாகவே இருக்கும். அது தெரிந்துவிட்டால், கிராம சபையில் பேச்சின் தொனி மாறும்.

அடுத்து, 11 ஏக்கர் என்பது தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். அ-பதிவேட்டில் 11 ஏக்கர் இருக்கும். அளந்தால் 7 ஏக்கர்தான் தேறும். மீதி, பக்கத்துப் பட்டாதாரர்களின் வரப்போடு நகர்ந்து போயிருக்கும். ‘மாடு எங்கே மேயும்?’ என்று சபையில் உரக்கக் கேட்பவர் தோட்டத்துக்குள்ளேயே அரை ஏக்கர் மேய்க்கால் இருப்பதும் ஊர் அறியாத ரகசியம் அல்ல. தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-ன் கீழ் நோட்டீஸ் கொடுத்து அதை மீட்க முடியும். மீட்டாலே 46 மனைக்கு வேண்டிய இடம் கிடைத்துவிடும் ஊர்களும் உண்டு. கணக்கு எளிது. 46 மனைக்கு 138 சென்ட். பாதை, சாக்கடை, தண்ணீர்த் தொட்டிக்குச் சேர்த்து 2 ஏக்கர் போதும். சண்டை 11 ஏக்கருக்கு அல்ல, 2 ஏக்கருக்கு.

அந்த 2 ஏக்கரை எங்கே தேடலாம்? மேய்க்காலை முதலில் தொட வேண்டியதில்லை. அ-பதிவேட்டில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று உள்ள சர்வே எண்களைப் பாருங்கள். அரசிடம் உள்ள இந்தத் தரிசு, ஆட்சேபணையற்ற நிலம். வருவாய்த் துறை நிலை ஆணை 21-ன்படி வீட்டுமனையாக ஒப்படைக்க இதில் தடை குறைவு. அது ஊருக்கு வெகு தொலைவில் இருந்தால், ஊரை ஒட்டிய தனியார் நிலத்தை அரசு வாங்கித் தர வேண்டும். ஆதிதிராவிடர் குடும்பங்களுக்காக நிலம் கையகப்படுத்தவென்றே 1978-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பல காலனிகள் அப்படி உருவானவைதான். இப்போது அந்த வழி அதிகம் பயன்படாமல் இருப்பதற்குக் காரணம், நிலத்துக்கு அரசு காசு கொடுக்க வேண்டும் என்பதுதான். வீடு கட்ட 3.50 லட்சம் கொடுக்கும் அரசு, வீடு நிற்கும் 3 சென்ட்டுக்கும் பட்ஜெட்டில் இடம் வைத்தால், ஊர்ப் பொதுச் சொத்து தப்பும். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இவை எதுவும் நடக்காது என்று உறுதியான பிறகு மேய்க்காலுக்கு வரலாம். அப்போதும் மூலையில், ஊரை ஒட்டிய பக்கத்தில் 2 ஏக்கர் மட்டும். நடுவில் கொடுத்தால் மீதி நிலம் இரண்டு துண்டாகி, கொஞ்ச நாளில் மொத்தமும் போய்விடும்.

கிராம சபையில் என்ன எழுத வேண்டும்?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ‘மேய்க்காலில் பட்டா வழங்கலாம்’ என்று ஒரே வரியில் எழுதிய தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘வழங்கக் கூடாது’ என்றும் ஒரே வரியில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் 46 குடும்பங்களுக்கும் கதவு மூடிவிடும், கோப்பும் அதோடு முடிந்துவிடும்.

மனையில்லாக் குடும்பங்களின் எண்ணிக்கையை எழுதுங்கள். ஊரின் தரிசு சர்வே எண்களை வரிசையாக எழுதி, அவற்றை முதலில் பரிசீலிக்கக் கேளுங்கள். மேய்க்காலை முழுமையாக அளந்து எல்லைக்கல் நடவும், ஆக்கிரமிப்பை அகற்றவும் கேளுங்கள். மேய்க்காலில்தான் இடம் தருவதானால், ஈடாகத் தரப்போகும் நிலத்தின் சர்வே எண்ணைச் சொல்லிவிட்டு, அது மேய்க்காலாக வகைமாற்றம் ஆன பிறகே பட்டா தர வேண்டும் என்று எழுதுங்கள். அந்த ‘பிறகே’ என்ற சொல் முக்கியம். தீர்மான நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அ-பதிவேடு விவரத்தை வருவாய்த் துறையின் இணையதளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். முழுப் பட்டியல் வேண்டுமானால் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஜமாபந்தி நடக்கும்போது இதே மனுவை நேரிலும் கொடுங்கள். அன்றைக்கு கிராமக் கணக்குகள் எல்லாம் மேசை மேல் இருக்கும், ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று தள்ள முடியாது.

பட்டா வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விழாவில் கொடுக்கும் காகிதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நிலத்தை அளந்து, உங்கள் மனையைக் காட்டி, உட்பிரிவு எண் போட்டு, கிராமக் கணக்கிலும் கணினியிலும் ஏற்றினால்தான் அது பட்டா. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பட்டா வாங்கி, இன்னும் எந்த இடம் என்று தெரியாமல், கணக்கிலும் ஏறாமல், அந்தக் காகிதத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் தாலுகாவுக்குத் தாலுகா உண்டு. திட்ட வீடு கேட்டுப் போகும்போது, ‘ஆன்லைனில் வரவில்லையே’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். மேலும், ஒப்படைப் பட்டாவில் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். படித்துப் பாருங்கள். ஆத்திர அவசரத்துக்கு என்று வெள்ளைப் பேப்பரில் எழுதி விற்றால், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நிலம் நிற்காது.

மீதமிருக்கும் மேய்க்காலை அப்படியே விட்டால், பத்தாண்டு கழித்து இன்னொரு திட்டம் அதைத் தேடி வரும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன்பு கொழுக்கட்டைப்புல், முயல்மசால் விதையைத் தூவி, ஓரத்தில் அகத்தி, சூபாபுல், வேம்பு வைத்தால், மானாவாரியிலேயே வந்துவிடும். ஊரக வேலைத் திட்டத்தில் இந்த வேலையைச் செய்யச் சொல்லலாம். முதல் ஆண்டு ஆடு விடாமல் காப்பதுதான் கஷ்டம். பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அடைத்து, மறுபாதியில் மேய்க்கலாம்.

‘‘ஓடைப் புறம்போக்கில் 30 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வீட்டு வரி, மின்கட்டணம், பி-மெமோ அபராதம் எல்லாம் கட்டிய ரசீது இருக்கிறது. 2025-ல் 86,000 பேருக்குப் பட்டா என்று அறிவித்தார்களே, அதில் எங்களுக்குக் கிடைக்குமா? வாங்கித் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார்.’’

- வாசகர், தருமபுரி மாவட்டம்.

பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 2025 பிப்ரவரி 10 அன்று அமைச்சரவை முடிவு செய்தது, சென்னையைச் சுற்றிய ‘பெல்ட் ஏரியா’விலும் மற்ற சில நகர்ப் பகுதிகளிலும் ஆட்சேபணையற்ற புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்காக. ஓடை, வாய்க்கால், ஏரி, குளம் ஆகியவை ஆட்சேபணைக்குரியவை. நீர்நிலையில் பட்டா கொடுக்க நீதிமன்றங்கள் அனுமதிப்பதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் ஓர் ஓடைப் புறம்போக்கு வழக்கில் கண்டிப்பாகச் சொன்னதை அடுத்து, 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது.

வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு இரண்டும் குடியிருப்பதற்கான சான்று மட்டுமே, நிலத்துக்கு உரிமை அல்ல. பி-மெமோ ரசீது இன்னும் மோசம். ‘இது அரசு நிலம், இவர் ஆக்கிரமிப்பாளர்’ என்று அரசு எழுதி, நீங்கள் ஒப்புக்கொண்டு பணம் கட்டியதற்கான ஆதாரம் அது. ஆனாலும், அந்த ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 30 ஆண்டுகளாக இந்த ஊரில் வீடில்லாமல் இருக்கிறீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. மாற்று இடத்தில் வீட்டுமனை கேட்டு, ரசீது நகல்களை இணைத்து வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் இப்போதே மனு கொடுங்கள். அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவதைவிட இது மேல். முறையான நோட்டீஸ் கொடுத்து, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் அகற்ற முடியும். 1905 சட்டத்தில் மேல்முறையீட்டுக்கும் இடமிருக்கிறது. ஓடையில் இருக்கும் வீட்டை மாடி கட்டிப் பெரிதாக்குவதை மட்டும் நிறுத்திவையுங்கள்.

நத்தம் என்றால் கதை வேறு. 1905 சட்டமே, வீட்டுமனையாகவும் கொல்லையாகவும் உரிமை கொண்டாடப்படும் இடத்தை அரசு நிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சிலர் நத்தத்தில் இருந்துகொண்டே ஓடைப் புறம்போக்கு என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் வீடு இருக்கும் சர்வே எண் எது என்பதைப் புலப்படத்தை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

‘‘எங்கள் வயலை ஒட்டி 2009-ல் மனைப்பிரிவு போட்டார்கள். பூங்கா என்று படத்தில் காட்டிய 20 சென்ட்டை இப்போது மனையாக விற்கிறார்கள். எங்கள் வாய்க்கால் அதன் ஓரமாகத்தான் வருகிறது. தடுக்க முடியுமா?’’

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்பதில்தான் விடை இருக்கிறது. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார எண்ணும் வரைபடமும் இருந்தால், பூங்காவுக்கும் சாலைக்கும் ஒதுக்கிய இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 விழுக்காடு திறந்தவெளி கட்டாயம். அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால், அது ஊராட்சியின் சொத்து. நகலோடு சார்பதிவாளருக்கு ஆட்சேபணை மனு கொடுங்கள். பிரிவு 22-அ-வின் கீழ் உள்ளாட்சி நிலத்துக்கான பத்திரத்தைப் பதிய மறுக்க வேண்டியது அவர் கடமை.

படத்தில் மட்டும் பூங்கா காட்டி, தானப் பத்திரம் எழுதாமல் விட்டிருந்தாலும் உரிமையாளர் இஷ்டத்துக்கு விற்க முடியாது. மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால், 2009-ல் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விற்றவையில் பலவும் முறையான அங்கீகாரம் இல்லாதவை. அப்படியானால், 2017-ல் வந்த வரன்முறை விதிகளின்படி அந்த மனைப்பிரிவு விண்ணப்பித்ததா, 2016 அக்டோபர் 20-க்கு முன்பு எந்தெந்த மனைகள் விற்கப்பட்டன என்று பாருங்கள். பூங்கா இடம் அன்றைய தேதியில் விற்காமல் இருந்திருந்தால், இன்று தனி மனையாகப் பதிவது எளிதல்ல.

வாய்க்கால் புறம்போக்காக இருந்தால், மனைப்பிரிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புலப்படத்தில் வாய்க்காலின் அகலத்தைப் பார்த்து, அளவையருக்குப் பணம் கட்டி உங்கள் பக்கத்து எல்லையை அளந்து கல் நட்டுவிடுங்கள். நடவு தொடங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது. தண்ணீர் விடும் நேரத்தில் அளவையர் கிடைப்பது கடினம்.